மணக்காத எண்ணெய்

புதிதாகக் குருப்பட்டம் பெற்ற தம்பிகளே,

போன மாதம் தியானத்துக்காகக் குற்றாலம் வந்த உங்களில் ஒருவர், சாப்பாட்டு மேசையில் என் மோதிரத்தை முத்தமிட்டுவிட்டு, "ஆண்டவரே, நாற்பத்தெட்டு வருஷ ஊழியத்துல உங்க பெரிய சாதனை எது?" என்று கேட்டார். என் வாயில் அப்பளம் இருந்தது. அதனால் பதில் சொல்லவில்லை. அப்பளம் தீர்ந்த பிறகும் பதில் வரவில்லை என்பதுதான் உண்மை.

பேராயராக இருந்தவன் சாதனை சொல்ல வேண்டுமென்றால் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, ஒரு மருத்துவமனை இருக்கிறது. அவற்றின் வாசலில் என் பெயர் வெட்டிய கல்லும் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். கல்லில் வெட்டாத ஒன்றைத்தான் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அது நான் செய்த ஒரு தப்பு. நம் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

என் கதையை முதலில் நாலு வரியில் முடித்துவிடுகிறேன். கீழப்பாவூர்ப் பக்கம் பிறந்தேன். அப்பாவுக்கு மளிகைக் கடை. குருமடத்தில் படிக்கும்போது, வடக்கே ஊழியத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். கையைத் தூக்கினேன். வேறு யாரும் தூக்கவில்லை என்பது திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அங்கே பங்குத்தந்தை, பிறகு ஆயரின் செயலர், பிறகு நானே ஆயர், கடைசியில் பேராயர். அந்த ஊர் பாஷையில் பிரசங்கம் செய்வேன், கணக்குப் போடுவேன், கனவுகூடக் காண்பேன். கோபம் மட்டும் தமிழில்தான் வரும். அங்குள்ள குருக்கள் "ஏலே" என்ற சொல்லைக் கற்றுக்கொண்டது என்னிடமிருந்துதான். எழுபத்தைந்து முடிந்ததும் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சாரலடிக்கும் இந்த ஊருக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

செயலராக இருந்த காலத்தில் எனக்கு வாய்த்த கிழ ஆயரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் எதையும் மோந்து பார்ப்பார். பூசைக்குமுன் திராட்சை ரசத்தை மோந்து பார்ப்பார். எண்ணெய்க் கிண்ணம் வந்தால் அதையும் மூக்கருகே கொண்டுபோவார். கோயில் நிறையச் சனம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஆயர்முடியும் செங்கோலுமாக நின்றபடி, மீன் வாங்குபவர் மாதிரி மோந்து பார்ப்பார். எனக்கு மானம் போகும். ஒருநாள் கேட்டேவிட்டேன். "லேபிள் ஏமாற்றும், கண் ஏமாற்றும், அவசரத்தில் எடுத்து வைத்தவனும் ஏமாந்திருப்பான். கடைசியில் அதைத் தொடப்போகிறவன் நீ. நீதான் பார்க்க வேண்டும்" என்றார். சரி ஆண்டவரே என்றேன். மனதுக்குள் சிரித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சொல்லக் கூசுகிறது. நான் ஆயரான புதிதில், ஓர் இளங்குரு ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு குடும்பத்தையே எழுதாமல் விட்டுவிட்டார். தானாகவே வந்து என்னிடம் சொன்னார். நான் அதைக் குருக்கள் கூட்டத்தில் எடுத்து, எல்லாருக்கும் பாடமாகட்டும் என்று, அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டேன். பாடம் நன்றாகப் பதிந்தது. அதற்குப் பிறகு பல வருஷம் ஒரு குருவும் தன் தப்பை என்னிடம் வந்து சொல்லவில்லை. என் மறைமாவட்டத்தில் தப்பே நடப்பதில்லை என்று நானும் பெருமையாக இருந்தேன். தப்புச் சொல்ல வந்தவனைக் கடித்துவிட்டால், அடுத்த தடவை தப்பு வரும், ஆள் வரமாட்டான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன், குற்றாலத்தில் நல்ல சீசன். பேராயராக இருந்த நான் ஒரு வார விடுப்பில் வந்து, இங்குள்ள குருக்கள் இல்லத்தில் தங்கியிருந்தேன். வந்த அன்றே அருவியில் ஒன்றரை மணி நேரம் நின்று, ஆசை தீரக் குளித்ததில் மறுநாள் மூக்கடைத்துக்கொண்டது. அப்போது இந்தப் பகுதியின் ஆயருக்கு உடம்பு சரியில்லை. கீழப்பாவூருக்குக் கிழக்கே ஒரு சின்னப் பங்கில் பிள்ளைகளுக்கு நெற்றியில் எண்ணெய் பூசி உறுதிபூசுதல் கொடுக்க நாள் குறித்தாகிவிட்டது, அது உங்கள் ஊர்ப்பக்கம்தானே, எனக்குப் பதிலாகப் போய்வருகிறீர்களா என்று ஃபோனில் கேட்டார். சொந்த மண்ணில் பேராயராகப் போய் இறங்குவது கசக்குமா? உடனே ஒப்புக்கொண்டேன்.

ஊர் எல்லையிலேயே கொட்டும் வெடியும் தொடங்கிவிட்டன. மாலை, ரோஜாப்பூ, கும்மி, பள்ளிப் பிள்ளைகளின் வரவேற்பு நடனம். பங்குத்தந்தைக்கு முப்பது வயதுகூட இராது. முதல் பங்கு. அன்று விடியற்காலையில் தென்காசி ஆஸ்பத்திரியில் யாருக்கோ நோயில்பூசுதல் கொடுக்க ஓடிவிட்டு, வேர்க்க விறுவிறுக்கத் திரும்பியிருந்தார். உறுதிபூசுதல் பெற நாற்பத்தொரு பேர். நாற்பது பேர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். நாற்பத்தோராவது ஆள் ஐம்பது வயதுப் பெண். கடைசி வரிசை ஓரத்தில், பிள்ளைகளைவிட ஒரு சாண் உயரமாக, வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அது யாரு?" என்று பூசை உடுப்பு மாற்றும்போது கேட்டேன்.

"சலேத்தம்மா, ஆண்டவரே. பீடி சுத்துற அம்மா. கல்யாணம் முடிக்கல. பதிமூணு வயசுல தாயார் இறந்துட்டாங்க, தம்பியை வளக்கணும்னு மறைக்கல்விக்கு வாறத விட்டுட்டாங்க. அப்புறம் சின்னப் பிள்ளைகளோட உக்கார வெக்கப்பட்டே இத்தன வருஷம் போயிட்டு" என்றார் பங்குத்தந்தை. "இப்ப அந்தத் தம்பிக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷங்கழிச்சுப் பெண்பிள்ளை பொறந்திருக்கு. புனலூர்ல இருக்காரு. அக்காதான் ஞானத்தாயா நிக்கணும்னு ஒரே பிடிவாதம். உறுதிபூசுதல் வாங்காதவங்க ஞானத்தாயா நிக்க முடியாதுன்னு அங்க உள்ள சாமியார் சொல்லிட்டாராம். வாற ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். அதான் ஆறு மாசமாப் பிள்ளைகளோட உக்காந்து படிச்சாங்க."

நல்லது என்று சொல்லிவிட்டு முடியைத் தலையில் வைத்துக்கொண்டேன். பூசை நடந்தது. பிரசங்கம் நன்றாக அமைந்தது என்று எனக்கே பட்டது. அதுதான் கெட்ட சகுனம். எண்ணெய்க் கிண்ணம் வந்தது. நாற்பத்தொரு நெற்றிகளில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தேன். மோந்து பார்க்கவில்லை. மூக்கடைப்பு என்று சாக்குச் சொல்லலாம். மூக்கு நன்றாக இருந்திருந்தாலும் அன்றைக்கு மோந்திருக்க மாட்டேன். சனம் பார்த்துக்கொண்டிருந்தது, கேமரா ஓடிக்கொண்டிருந்தது, நான் அழகாக நின்றுகொண்டிருந்தேன்.

முடிந்ததும் எலுமிச்சம்பழத் துண்டு கொடுத்தார்கள். புளியங்குடிப் பழம், சாறு கொட்டியது. கையைத் தேய்த்துக் கழுவினேன். கோழிக்கறியோடு சாப்பாடு. சான்றிதழ்களில் வரிசையாகக் கையெழுத்து. மூன்று மணிக்கெல்லாம் குற்றாலத்துக்குத் திரும்பி, கைலியும் துண்டுமாக, மறுபடியும் அருவிக்குப் போனேன். அடைத்த மூக்கோடு எதற்கு என்று கேட்காதீர்கள். வடக்கே வெயிலில் கிடந்தவனுக்கு அருவிச் சத்தம் கேட்டால் புத்தி வேலை செய்யாது.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஒருவரிடம் முதுகைக் கொடுத்தேன். அவருக்கு நான் யாரென்று தெரியாது. அதுவே பெரிய சுகம். பாதி முதுகு தேய்த்தபின் வலது கையை எடுத்தார்.

"மோதிரத்தக் கழட்டிருங்க அண்ணாச்சி. அருவி பிடுங்கிக்கிடும்."

கழற்றிக் கொடுத்தேன். விரலைப் பார்த்தவர், "என்ன அண்ணாச்சி, மோதிரத்துக்கு அடியில ஏற்கெனவே எண்ணெ கெடக்கு? நம்ம எண்ணெ இல்லயே இது" என்றார்.

காலையில் கட்டைவிரலிலிருந்து வழிந்தது மோதிரத்துக்குள் தங்கிவிட்டிருக்கிறது. எலுமிச்சை அங்கே எட்டவில்லை. எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. நாங்கள் வருஷம் ஒருமுறை புனித வாரத்தில், வாசனைப் பிசின் சேர்த்து, ஆயர் கையால் அபிஷேகம் செய்து எடுக்கிற எண்ணெய் அது. கிறிஸ்மா. உலகத்தில் கடையில் கிடைக்காத மணம். என்னை ஆயராக்கிய அன்று தலையில் ஊற்றியது மூன்று நாள் காதோரம் மணத்துக்கொண்டிருந்தது. இந்த மனிதர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று, "என்ன எண்ணெய்னு சொல்லும் பாப்போம்" என்றேன்.

விரலை மூக்கருகே கொண்டுபோனார். இருபது வருஷம் எண்ணெயிலேயே பிழைத்த மூக்கு. நிதானமாக மோந்தார்.

"ஆலிவ் எண்ணெ. கேரளாக்காரங்க பச்சப்பிள்ளைக்குத் தேய்க்கக் கொண்டாருவாங்க. சுத்தமான எண்ணெ அண்ணாச்சி. ஒரு வாசனையும் கலக்கல."

"நல்லாப் பாரும். வாசனை ஏதும் இல்ல?"

"எலுமிச்ச வாட லேசா இருக்கு. வேற ஒண்ணுமே கெடையாது. நான் பொய்யா சொல்லுதேன்?"

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு முதுகில் தேய்த்த எண்ணெய் அப்படியே குளிர்ந்துபோயிற்று. நம்மிடம் மூன்று எண்ணெய் உண்டு. மணமுள்ளது கிறிஸ்மா ஒன்றுதான். நோயாளிகளுக்குப் பூசுவதில் வாசனை சேர்ப்பதில்லை. பங்குத்தந்தை விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது ஞாபகம் வந்தது. அங்கே கொண்டுபோன குப்பிதான் மேசைமேல் இருந்திருக்க வேண்டும். நான் நாற்பத்தொரு பேருக்கும் நோயாளி எண்ணெயைப் பூசியிருக்கிறேன். உறுதிபூசுதலுக்குக் கிறிஸ்மா வேண்டும். கிறிஸ்மா இல்லையென்றால் அது உறுதிபூசுதலே இல்லை.

மோதிரத்தை வாங்கி மாட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். "என்ன அண்ணாச்சி, பாதியில ஓடுதிய?" என்று அவர் கூப்பிட்டது காதில் விழுந்தது.

தம்பிகளே, அருவிக்கரையிலிருந்து சாலைக்கு வந்து சேர்வதற்குள் என் மனம் என்னென்ன சொல்லிற்று என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நாலு நாளில் நீ வடக்கே போய்விடுவாய் என்றது. யாருக்கும் தெரியாது என்றது. கடவுள் எண்ணெய் பார்த்தா அருள் கொடுக்கிறார் என்றது. ஊர் கூடிக் கொண்டாடியதைக் கெடுக்கலாமா, அந்த இளங்குருவின் பெயர் என்னாகும் என்று கருணையோடும் பேசிற்று. எல்லாம் கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டு பயத்தை மறைப்பது நம் தொழிலுக்கே உரிய கெட்டிக்காரத்தனம். பயந்தது வேறொன்றுக்கு. பேராயருக்கு எண்ணெய் தெரியவில்லை என்று என் சொந்த ஊர்ப்பக்கம் சிரிக்குமே என்றுதான் பயந்தேன்.

அந்தக் கடைசி வரிசைப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்ததும் இந்தப் பேச்செல்லாம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கப் போகிறார், என் கையெழுத்தை நம்பி. அந்தக் கையெழுத்துக்கு அடியில் ஒன்றுமில்லை.

இல்லத்துக்கு வந்து பங்குத்தந்தையை ஃபோனில் கூப்பிட்டேன்.

"கிறிஸ்மாக் குப்பி எங்கன இருக்கு?"

"பீரோவுல பூட்டியிருக்கு ஆண்டவரே."

"காலையில தொறந்தீரா?"

  "ஆண்டவரே... சாவி என்கிட்டதான் இருந்துச்சு. நான் தொறக்கவே இல்ல" என்றார். அவ்வளவுதான். அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அவர் அழுகிறார் என்று தெரிந்தது. முன்னொரு காலத்தில் கூட்டத்தில் எழுந்து நின்ற அந்த இன்னொரு இளங்குருவின் முகம் எனக்குத் தோன்றிற்று. மேசையிலிருந்த குப்பியை எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றியது யார் கை என்று அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

"அழுறத அப்புறம் வச்சுக்கிடும். சலேத்தம்மா எங்க?"

"புனலூருக்குக் கெளம்பிட்டாங்க. தென்காசி பஸ் ஸ்டாண்டுல நாலே முக்கால் வண்டி."

மணி நாலு பத்து. "கிறிஸ்மாக் குப்பியை எடுத்துக்கிட்டு பைக்குல வாரும். பூசைத் தோள்துண்டையும் மறக்காதியும். நான் நேரா அங்க வந்துருதேன்" என்றேன். எண்ணெய் முதுகின் மேலேயே வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை இரண்டு முறை பார்த்தார்.

போகிற வழியிலேயே, உடம்பு சரியில்லாத அந்த ஆயருக்கு ஃபோன் செய்தேன். அவருடைய சனம், அவருடைய அனுமதி வேண்டும். முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"திரும்பப் பூசத்தான் வேணும். அது சரி, யார் தப்புன்னு சனங்ககிட்ட சொல்லப் போறிய?"

"என் தப்புன்னுதான். மோந்து பாக்காதது நான்."

"அது பாதி உண்மைதானே?"

"சனத்துக்குப் பாதி போதும் ஆண்டவரே. மிச்சப் பாதியை நீங்க அவரைத் தனியாக் கூப்பிட்டு மெதுவாச் சொல்லுங்க. ரொம்ப மெதுவா."

அவர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. சரி என்றார்.

பஸ் நிலையத்தில் புனலூர் வண்டி நின்றுகொண்டிருந்தது. சன்னலோரம் சலேத்தம்மா. மடியில் ஒரு கட்டைப் பை, அதன்மேல் பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ். என்னைக் கண்டதும் எழுந்தவருக்குத் தலை மேலே இடித்தது. கண்டக்டர் மலையாளி. என் சிலுவையையும் மோதிரத்தையும் பார்த்து, "பிதாவாணோ?" என்றார். அவர்கள் ஆயரை அப்படித்தான் சொல்வார்கள். "ஆமா. இந்த அம்மாவோட அஞ்சு நிமிஷம் பேசணும், வண்டிய எடுத்துராதீங்க" என்றேன். "பிதாவு பறஞ்ஞால் பத்து மினிட்" என்றார். இறங்கிப் போய் டீ சொன்னார்.

பழக்கடைக்குப் பின்னால் ஆளில்லாத ஒரு சிமெண்டு பெஞ்சு கிடைத்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நேராகவே சொல்லிவிட்டேன். "அம்மா, காலையில நான் பூசினது செல்லாது. திரும்பப் பூசணும்."

அந்த முகம் வெளிறிப்போயிற்று. "நான் என்ன தப்புப் பண்ணினேன் ஆண்டவரே?" என்றார்.

நாற்பது வருஷத்துக்குமேல் பாவசங்கீர்த்தனம் கேட்டவன் நான். இப்படி ஒரு கேள்வி என் நெஞ்சைக் குத்தியதில்லை.

"நீங்க ஒண்ணும் பண்ணல. ஏன் அப்படிக் கேக்கிய?"

"மணம் வரலயே" என்றார். குனிந்துகொண்டே பேசினார். "பிஷப் ஆண்டவர் பூசுற எண்ணெ மணக்கும், அது ஆவியானவரோட மணம்னு கிளாஸ்ல சிஸ்டர் சொல்லித் தந்தாங்க. ஆறு மாசமா அதயே நெனச்சுக்கிட்டு இருந்தேன். நம்ம கையில எப்பவும் பீடித்தூள் வாடதான், அன்னிக்காவது நெத்தி மணக்கும்னு. ஆண்டவர் பூசுனீங்க, ஒண்ணும் வரல. பீடித்தூள்ல மூக்கு செத்துப் போச்சோன்னு நெனச்சேன். வெளிய வந்து மல்லியப்பூவ மோந்து பாத்தேன். மணக்கு. அப்ப மூக்கு நல்லாத்தான இருக்கு? பிள்ளைகளுக்கெல்லாம் ஆவியானவர் எறங்கிட்டாரு, எனக்குத்தான் எறங்கலன்னு தெரிஞ்சுபோச்சு."

"யார்கிட்டயாவது கேட்டியளா?"

"எப்படி ஆண்டவரே கேக்க?"

பிறகு மெதுவாகச் சொன்னார். "பஸ்ல உக்காந்து அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். தம்பிட்டச் சொல்லி வேற ஆளப் பாக்கச் சொல்லிரணும்னு முடிவு பண்ணிட்டேன். எறங்காத கையால பிள்ளையத் தூக்கக் கூடாதுல்லா?"

நான் அவர் முன்னால் பேராயராக நிற்கவில்லை. திருடினவன் நிற்பதுபோல நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். குப்பி மாறியதை, மூக்கடைப்பை, கிழ ஆயர் சொல்லியும் மோந்து பார்க்காத என் திமிரை, அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவர் கண்டுபிடித்ததை. கடைசியைக் கேட்டதும் அவர் முகம் மெல்ல மாறிற்று.

"அப்ப... ஒருத்தருக்குமே மணக்கலயா ஆண்டவரே?"

"ஒருத்தருக்கும் மணக்கல."

"எனக்கு மட்டும் இல்லயா?"

"உங்களுக்கு மட்டும் இல்லம்மா."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுகை முடியுமுன்பே சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல ஆளுய்யா நீங்க" என்றார். பேராயரிடம் பேசுகிறோம் என்பதை மறந்துவிட்டார். எனக்கும் அந்த நிமிஷத்தில்தான் மூச்சே வந்தது.

அதற்குள் பங்குத்தந்தை பைக்கில் வந்து சேர்ந்தார். சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றிய குப்பி. மூடியைத் திறந்து அவரிடமே நீட்டினேன். "என் மூக்கு வேலைக்காகாது. நீர் மோந்து பாத்துச் சொல்லும்." அவர் மோந்தார். "மணக்கு ஆண்டவரே" என்றார்.  சலேத்தம்மாவிடம் நீட்டினேன். அவரும் மோந்தார்.  கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் காட்டினார். பஸ்களின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, தலையில் ஆயர்முடி இல்லாமல், எண்ணெய் ஊறிய அங்கியோடு, உரிய செபத்தைச் சொல்லிப் பூசினேன். பிரசங்கம் இல்லை. என் வாழ்நாளில் அதைவிட ஒழுங்காக ஒரு உறுதிபூசுதல் நான் கொடுத்ததில்லை.

வண்டி நகரும்போது சன்னல் வழியே கையை ஆட்டினார். மற்ற கையை நெற்றியருகே வைத்து, காற்றில் மணம் பறந்துவிடாமல் மறைத்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் நாற்பது பேர் இருந்தார்கள். ஊருக்குப் போய் மணியடித்தோம். நேரங்கெட்ட நேரத்தில் மணி கேட்டு, யாரோ இறந்துவிட்டார்கள் என்று ஓடிவந்தார்கள். பிள்ளைகளில் பாதிப் பேர் விளையாட்டு உடுப்பில், ஒருவன் தலை சொட்டச் சொட்ட. மைக்கில் சொன்னேன். காலையில் தப்பான எண்ணெயைப் பூசிவிட்டேன், பூசுமுன் பார்க்க வேண்டியவன் நான், பார்க்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், திரும்பப் பூச வந்திருக்கிறேன்.  பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்தார். இதோ வருகிறது என்று நினைத்தேன்.

"அப்ப சாப்பாடும் திரும்பப் போடணுமா ஆண்டவரே? கோழி தீந்துபோச்சு" என்றார்.

ஊரே சிரித்தது. பங்குத்தந்தையும் சிரித்தார். அன்று முழுவதும் அவர் முகத்தில் ரத்தம் ஓடியது அப்போதுதான்.

பூசுவதற்குமுன் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டேன். "காலையில மணம் வரலன்னு யாரெல்லாம் கவனிச்சீங்க? உண்மையச் சொல்லணும்." ஒரு கை உயர்ந்தது. பிறகு இரண்டு. கடைசியில் மூன்று நாலு பேரைத் தவிர எல்லாக் கைகளும் மேலே நின்றன.

"ஏன் ஒருத்தரும் சொல்லல?"

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி சொன்னாள். "ஆண்டவர் பூசுனா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சோம்."

இதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன். கோயிலில் அத்தனை மூக்குகள் இருந்தன, ஒரு வாய்கூட இல்லை. நம் சனங்கள் ஆயரை "ஆண்டவரே" என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு நமக்கும் அது நிஜம் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். நம் கையில் ஒன்று தவறினால் அவர்கள் நம்மைச் சந்தேகப்படமாட்டார்கள், தங்களைத்தான் சந்தேகப்படுவார்கள். அதனால் தப்பு செய்துவிட்டால் உட்கார்ந்து யோசிக்காதீர்கள். ஆட்டோ பிடியுங்கள்.

மறுநாள் மிச்ச முதுகுக்காக அருவிக்கரைக்குப் போனேன். அதே ஆள். "நேத்துப் பாதியில ஓடிட்டியளே" என்று கையைப் பிடித்தவர், கேட்காமலே மோதிர விரலை மோந்தார். "இன்னைக்கு வேற எண்ணெயால்ல இருக்கு! நம்மகிட்டயே இல்லாத வாசன. எங்கன விக்கான் அண்ணாச்சி?"

"விக்கிறது இல்ல" என்றேன். நேற்றைய கூலியோடு கொஞ்சம் கூடுதலாகவே, வாங்கிக்கொள்ளும்படி வற்புறுத்திக் கொடுத்தேன். எதற்கென்று கடைசிவரை அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, வடக்கே போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது புனலூரிலிருந்து ஃபோன் வந்தது. முதலில் அந்த ஊர்ச் சாமியார் பேசினார். பேராயரே பஸ் நிலையத்துக்கு வந்து பூசினார் என்று ஒரு அம்மா சொல்கிறார், உண்மையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். உண்மைதான் என்றேன். ஃபோன் கை மாறியது.

"ஆண்டவரே, சலேத்து பேசுதேன். பிள்ளைக்கு ஞானஸ்நானம் முடிஞ்சுது. தண்ணி ஊத்துனப்போ அழுதா. அப்புறம் சாமியார் உச்சந்தலையில எண்ணெ பூசுனாரு. நான் குனிஞ்சு மோந்து பாத்தேன்."

"என்ன எண்ணெய்?" என்றேன். கேட்கும்போதே எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல எனக்கு வந்துச்சுல்லா, அதே மணம்."

"பிள்ளை இப்ப எங்க?"

"எங்க போவா? என் மடியிலதான் கெடக்கா. யார் கேட்டும் இன்னும் நான் குடுக்கல."